பெர்சன்ட் பாயும் என் தொண்ணூற்றேழும்

போட்டோஸ்டேட் கடை வைத்துக்கொண்டு காப்பியடிப்பதை இவ்வளவு வெறுத்த மனிதர் மலேசியாவிலேயே இன்னொருவர் இருக்க முடியாது. கசாப்புக் கடை நடத்தும் சைவர் என்று யாரையாவது காட்டினால்கூட நம்பிவிடுவேன். எங்கள் மலையூரான ரிங்லெட்டில் அவர் கடைக்கு அடையாள அட்டையை நகலெடுக்கப் போனால் சிரித்த முகமாக எடுத்துக் கொடுப்பார். படிக்கிற பிள்ளை ஒரு கட்டுரையை அச்சடிக்கப் போனால் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இது யாரு எழுதுனது?" என்பார்.

"நான்தான் பாய்."

"அத நீ சொல்லாத. கம்ப்யூட்டர் சொல்லட்டும்."

அவருடைய உண்மைப் பெயர் கடைப் பலகையில் கொட்டை எழுத்தில் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் பெர்சன்ட் பாய்.

இந்தப் பித்து அவருக்கு ஒரு பெருநாளில் பிடித்தது. அவர் மனைவியின் அண்ணன் மகன் மலைக்குக் கீழே ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர். மாணவர்கள் எதை எங்கிருந்து சுட்டார்கள் என்று நூற்றுக்கு இத்தனை எனக் கணக்குக் காட்டும் மென்பொருள் அங்கே உண்டு. பெருநாள் பிரியாணி செரிப்பதற்காக அவன் அதைத் திறந்து காட்டினான். பாய் விடவில்லை. போகும்போது கடவுச்சொல்லை ஒரு சிட்டையில் எழுதி வாங்கிக்கொண்டார். அன்றோடு ரிங்லெட்டில் நிம்மதி போயிற்று.

இருபதுக்கு மேல் போனால் அச்சடிக்க மாட்டார். மலையின் இன்னொரு ஊரான கம்போங் ராஜாவிலிருந்து ஒரு பையன் சுற்றுப்புறத் தூய்மை பற்றிய கட்டுரையோடு வந்தான். எழுபத்தெட்டு வந்தது. பாய் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி முதல் பத்தியைப் படித்தார்.

"ஏண்டா தம்பி, கம்போங் ராஜாவுல கடல் எப்ப வந்துச்சு?"

"ஆறு ஒண்ணு இருக்கு பாய்."

"ஆத்துல கப்பல் நிக்குதுன்னு எழுதியிருக்கியே!"

"அது... பெரிய ஆறு பாய்."

"போடா! ஒங்கப்பா மொளகாய்த் தோட்டத்துல மருந்தடிச்சிட்டு அந்தப் போத்தலை எங்க வீசுறாருன்னு பாத்து எழுது. அது போதும் லா."

நாலு நாள் கழித்துப் பையன் வந்தான். ஒன்பது. பாய் தன் கையாலேயே அதற்கு நீல அட்டை போட்டுக் கொடுத்தார். பையனின் அப்பாதான் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

பிள்ளைகளோடு நிறுத்தியிருக்கலாம். பூத்தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளி மகளுடைய கல்யாண அழைப்பிதழை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தார். பாய் பழக்கதோஷத்தில் அதையும் உள்ளே போட்டார்.

"தொண்ணூத்திரெண்டு, மொதலாளி."

"கல்யாணத்துக்கு வாங்கன்னு கூப்புடுறதுல புதுசா என்னத்த எழுதறது பாய்?"

"ஒங்க மவளப் பத்தி ஒரு வரியாச்சும் இருக்க வேணாமா?"

முதலாளி வேறு ஊரில் அச்சடித்துக்கொண்டார். பாய்க்கும் ஓர் அழைப்பிதழ் அனுப்பினார். பாய் அதையும் சோதித்துப் பார்த்துவிட்டு, "இப்ப நூத்துக்கு நூறு. திருந்தல" என்றார். கல்யாணத்துக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டும் வந்தார்.

இனி என் கதை. நான் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவளும் நான்தான், பல்கலைக்கழக வாசலை மிதித்தவளும் நான்தான். இதை அடக்கமாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வராது. கடைசி ஆண்டு ஆய்வறிக்கைக்கு, கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டும் பெண்களின் தோள்வலியை எடுத்துக்கொண்டேன். வீடு வீடாகப் போய்க் கேட்டு, எழுபது பக்கம், ஆங்கிலத்தில், ஒவ்வொரு வரியும் நானே எழுதினேன்.

விடுமுறையில் அதை அச்சடிக்க பாயிடம் கொண்டுபோனேன். இரண்டு நாள் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் கடைசிப் பக்கத்தின் பின்னால் "4%" என்று எழுதி, கடை முத்திரையைக் குத்தி, இரண்டு கையாலும் கொடுத்தார். "ஒம் மேற்கோளுக்குத்தான் அந்த நாலு. மிச்சமெல்லாம் ஒன்னோடது புள்ள" என்றார். எனக்கு அப்போதே பட்டம் வாங்கியதுபோல் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் அறிக்கையை ஒப்படைத்தேன். அங்கேயும் அதே மென்பொருள். தொண்ணூற்றேழு வந்தது.

நாங்கள் டாக்டர் என்று அழைக்கும் துறை விரிவுரையாளர் கூப்பிட்டார். தமிழர். அவர் மேசையில் என் அறிக்கை முழுக்கச் சிவப்பாகக் கிடந்தது.

"வேற காலேஜ் ஸ்டூடண்ட் பேப்பரை அப்படியே எடுத்துக் குடுத்திருக்கியே?"

"நான் எழுதினது சார்."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. எஸ்டேட்லேருந்து வந்திருக்க. இந்த இங்கிலீஷ் எங்கேருந்து வந்துச்சு? நம்ம பிள்ளைங்களே இப்படிப் பண்ணா நமக்குத்தானே கேவலம்?"

வந்த நாளிலிருந்து அவருக்கு நான் எஸ்டேட்காரி. திட்டுவதற்கு மட்டும் நம்ம பிள்ளை ஆகிவிட்டேன்.

நன்றிப் பக்கமும் சிவப்பாக இருந்தது. அதில் என் அம்மாவின் பெயர் இருந்தது. நான் எந்த மாணவரிடமிருந்து திருடினேனோ அவருக்கும் அதே பெயரில் ஓர் அம்மா, அதே தோட்டத்தில், அதே லயத்தில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தாள் போலும். இது டாக்டருக்கு விசித்திரமாகப் படவில்லை. மென்பொருளை நான் குறை சொல்ல மாட்டேன். இது அதைப்போல் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றுதான் அது சொன்னது. யாரும் போய்ப் பார்க்கவில்லை. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். குற்றம் உறுதியானால் பட்டம் கிடையாது.

பாய்க்குப் போன் செய்தேன்.

"என் ரிப்போர்ட்டை என்ன பண்ணீங்க பாய்?"

"செக் பண்ணேன். நாலு வந்துச்சே. ஏம்மா?"

உள்ளே போட்ட எதையும் அந்த மென்பொருள் தன்னிடம் சேர்த்து வைத்துக்கொள்ளும். அடுத்து வருவதை அதனோடும் ஒப்பிடும். பாய்க்கு இது தெரியாது. தராசில் முட்டைகோஸை வைத்தால் எடை பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போகலாமே, அப்படித்தான் என்று நினைத்திருந்தார். அதுவரை அவரிடம் வந்தவர்கள் படித்த இடங்களில் இந்த மென்பொருளே இல்லாததால் யாருக்கும் எதுவும் நேரவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் அறிக்கை என்னுடையது. அதிலும் நான்தான் முதல்.

இதை அவருக்கு விளக்கிச் சொன்னேன்.

"அப்ப ஒன்னக் கள்ளியாக்குனது நானா?" என்றார். பிறகு, "அது மச்சான் மவன் ஐடிம்மா. வெளிய தெரிஞ்சா அவன் வேலை போயிரும்."

"தெரியும் பாய். நீங்க வரவேணாம். நான் பாத்துக்கறேன்."

பெருந்தன்மையில் சொல்லவில்லை. வீம்பு.

விசாரணை அன்று அறைக்கு வெளியே பாய் உட்கார்ந்திருந்தார். பெருநாள் சட்டை, சோங்கோக் தொப்பி, பச்சை முகம். மலையிறங்கித் தாப்பா சேரும்வரை வளைவுகள் அவரை உலுக்கி எடுத்திருந்தன. கையில் வாந்திப் பை, அக்குளில் கடைக் கணக்கு நோட்டு. சட்டைப் பையில் கடை முத்திரையும் மைப்பெட்டியும் இருந்தன. கசிந்த மை நெஞ்சில் நீலமாகப் பரவியிருந்தது.

"எதுக்கு பாய் இதெல்லாம்?"

"சாட்சி லா."

உள்ளே மூன்று பேரும் டாக்டரும் இருந்தார்கள். அந்த மூவரிடம் பாய் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "இந்தப் பிள்ளை எழுதினதை அந்தப் பெட்டிக்குள்ள போட்டது நான். ஐடி என் மச்சான் மகனுடையது." பெயரைச் சொன்னார். கல்லூரியைச் சொன்னார். நோட்டைத் திறந்து நாளும் நேரமும் காட்டினார். காகிதம் ஒன்றைக் கேட்டு வாங்கி, முத்திரையைக் குத்தி, என் அறிக்கையின் பின்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி நீட்டினார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்:

"நன்றிப் பக்கத்தப் படிச்சீங்களா சார்?"

"சாஃப்ட்வேர் ரிப்போர்ட்டைப் பாத்தேன்."

"அதுல நம்பர்தான் இருக்கும். புள்ள எழுதுனதப் படிச்சீங்களா?"

நடுவில் இருந்த அம்மையார் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். என் மாணவர் கோப்பையும் திறந்தார். தாயின் பெயர் என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

நான் திருடவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அனுமதியில்லாமல் வெளியாளிடம் கொடுத்ததற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார்கள். இந்த இழுபறியில் மற்றவர்கள் வாங்கி ஓராண்டு கழித்துத்தான் பட்டம் வாங்கினேன். டாக்டர் இன்றுவரை என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பட்டமளிப்பு அன்று, "நான் அப்பவே நெனச்சேன், நம்ம பிள்ளை அப்படிச் செய்யாதுன்னு" என்று என் அம்மாவின் கையைக் குலுக்கினார். அம்மா அவரைக் கும்பிட்டாள். நான் கும்பிடவில்லை. பாயின் மச்சான் மகனுக்கு வேலை போயிற்று. மனைவி வீட்டார் பெருநாளுக்குக்கூட பாய் வீட்டுப் படி ஏறுவதில்லை.

ஆனால் விசாரணை முடிந்த மாலையில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பேருந்து நிலையத்தில் அவருடைய பேருந்துக்காகக் காத்திருந்தோம். பேருந்து வந்ததும் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நாப்பத்தொண்ணாம் பக்கத்துல எழுதியிருந்தியே, ஒங்கம்மாவுக்கு வலது கைய தலைக்கு மேல தூக்க முடியல, தலைகூட நீதான் சீவி விடுறேன்னு. இப்ப தேவலையாம்மா?"

அந்த அறிக்கையைப் பற்றி அத்தனை மாதத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

"கொஞ்சம் தேவலை மாமா" என்றேன். அவரை நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.