இரண்டு கையும் மேஜை மேல்

உத்தியோக காலம் முழுக்க நான் யாரிடமும் கையை நீட்டி ஒரு பைசா வாங்கியதில்லை. கையை நீட்டியது ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு திரைச்சீலைக்குள். அப்போது வாங்கியது மானக்கேடு.

எனக்கு இருபத்தாறு வயது. வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் ஓர் ஊர். (பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்களின் பேரன்கள் என்னைவிடப் பலசாலிகள்.) அங்கே பெரிய தோல் ஷாப்பு நடத்திய முதலாளியிடம் கிளார்க்காக இருந்தேன். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வோம். முதலாளி நகராட்சிக்குச் சேர்மன் ஆனதும் ஷாப்பிலிருந்து ஒரு நாற்காலி, ஒரு சுவர்க் கடிகாரம், நான் ஆகிய மூன்றையும் நகராட்சி ஆபீசுக்கு அனுப்பிவைத்தார். மூன்றில் அதிகம் சொன்னபடி கேட்டது நான்தான். கடிகாரமாவது அவ்வப்போது நின்றுபோகும்.

வம்பு கிணற்றில் தொடங்கியது. ஷாப்பின் கழிவுத் தண்ணீர்க் கால்வாய் எங்கள் தெருப் பொதுக்கிணற்றை ஒட்டிப் போனது. தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறவைத்த அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி இறங்கி, கிணறே பழுப்பாகிவிட்டது. ஒரு நாள் காலை என் மனைவி கிரேஸ் குடத்தோடு வந்து நின்றாள்.

"ஏங்க, உங்க முதலாளி தெருவுக்கே காப்பி போட்டு அனுப்பிச்சிருக்காரு. பால் மட்டும்தான் ஊத்தணும்."

நான் சிரித்தேன். எட்டு மாதக் குழந்தை எஸ்தருக்கு வயிற்றுப்போக்கு வந்து, கண் உள்ளே போய்க் கிடந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரி நர்சம்மா, "அந்தக் கிணத்துத் தண்ணிய இனிமே பிள்ளை கண்ணுல காட்டாதீங்க" என்றார். அன்று முதல் கிரேஸ் ஆற்று ஊற்றுக்கு நடந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் முதலாளியிடம் மூச்சுவிடவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். இன்று நினைத்தாலும் அன்றைய சாமுவேலை, அதாவது என்னையே, நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

எங்கள் வார்டு மெம்பர் கரீம் பாய் என்னைப் போல இல்லை. கால்வாயை முதலாளி தன் செலவில் ஊருக்கு வெளியே திருப்ப வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். மேலிடத்துக்கும் மனு போட்டார். கூட்டத்தைப் பார்க்க டெபுடி கலெக்டரே வருவதாகக் கடிதம் வந்தது. தன் சொந்த விவகாரம் பேசப்படும்போது சேர்மன் அறையில் இருக்கக் கூடாது என்று சட்டம். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"சாமுவேலு, நான் ரூம்ல இருக்கக் கூடாது. அவ்ளோதானே? என் கை இருக்கக் கூடாதுன்னு எங்கியாச்சும் எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. (நான் தேடிப் பார்த்தேன் என்பதுதான் வெட்கக்கேடு.)

தோல் மண்டியில் பேரம் வாயால் நடக்காது. வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரு துண்டுக்கு அடியில் கையைக் கோத்துக்கொள்வார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் விலை. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பேரம் முடியும்வரை கையை எடுக்கக் கூடாது. பாதியில் உருவிக்கொண்டவனை அப்புறம் மண்டியில் யாரும் மதிக்கமாட்டார்கள். முதலாளி முப்பது வருஷம் இப்படித்தான் பேசிப் பழகியவர்.

கூட்ட அறைக்கும் சேர்மன் அறைக்கும் நடுவில் ஒரு வாசல், அதில் கனத்த திரை. நான் அதை ஒட்டி நாற்காலி போட்டு, இடது கையைத் திரைக்குள் விட வேண்டும். முதலாளி உள்ளே உட்கார்ந்து, துண்டைப் போர்த்தி, ஒரு விரலைப் பிடித்தால் தீர்மானத்தைத் தள்ளிவைக்க வேண்டும், இரண்டு விரலைப் பிடித்தால் தோற்கடிக்க வேண்டும். நான் பென்சிலால் மேஜையில் அத்தனை தட்டுத் தட்டினால், வைஸ் சேர்மன் மற்றதைப் பார்த்துக்கொள்வார்.

"துண்டு எதுக்குங்க? அதான் திரை இருக்குதே" என்று கேட்டேன்.

"துண்டு இல்லாம என் கை பேசாதுபா."

கூட்டத்தன்று காலை பதினோரு மணிக்கு டெபுடி கலெக்டர் வந்து உட்கார்ந்தார். முதலாளி எழுந்து, "சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நான் வெளிய போறேன்" என்று கும்பிட்டுவிட்டு நாலடி தள்ளித் திரைக்குள் போனார். என் கைமேல் துண்டு விழுந்தது. அதன் அடியில் ஒரு கை வந்து பற்றியது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. ஊரையே ஆளும் கை என் கைக்குள் இருக்கிறதே என்று!

கரீம் பாய் ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அறையே அந்தப் பழுப்பைப் பார்த்தது. வைஸ் சேர்மன் மட்டும் என் பென்சிலைப் பார்த்தார். திரைக்குள் இரண்டு விரல் இறுகியது. டொக், டொக்.

"பாய் பட்டையைப் போட்டு எடுத்துனு வந்தாரோ இன்னாவோ, யாருக்குத் தெரியும்?" என்றார் வைஸ் சேர்மன்.

கரீம் பாய் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை. "சார், இந்தத் தம்பியும் எங்க தெருதான். இவர் குழந்தை செத்துப் பொழைச்சுது. அவரையே கேளுங்க."

டெபுடி கலெக்டர் என்னைப் பார்த்தார். "எழுந்து நின்று சொல்லுங்கள். உண்மையா?"

எழுந்தேன். பாதிதான் எழ முடிந்தது. மிச்சப் பாதியை முதலாளி பிடித்திருந்தார்.

"ஏன் குனிந்து நிற்கிறீர்கள்?"

"இடுப்புப் பிடிப்பு, சார்."

"கை?"

"அதுவும் பிடிப்புதான், சார்." (என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இவ்வளவு உண்மையான பொய் வேறில்லை.)

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து என்னை நோக்கி வந்தார். நான் பயந்துபோய்க் கையை இழுத்தேன். இழுக்கிற கையை விட்டு முதலாளிக்குப் பழக்கமில்லை. அவரும் இழுத்தார். நான் திரையோடு உள்ளே போனேன், திரை கம்பியோடு கீழே வந்தது. தூசி அடங்கியபோது முதலாளி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் காலடியில் கிடந்தேன். எங்கள் கைகள் மட்டும் துண்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தன.

முதலாளிக்கு என்ன தோன்றியதோ, முப்பது வருஷப் பழக்கத்தில் அதட்டினார்: "இன்னும் பேரம் முடியலபா!"

டெபுடி கலெக்டர் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த என்னிடம் மறுபடி கேட்டார். "கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். கிணற்றுத் தண்ணீர் இப்படித்தான் இருக்கிறதா?"

துண்டுக்கு அடியில் இரண்டு விரல். எலும்பு நொறுங்கும்போல ஒரு பிடி. வேலை, வாடகை வீடு, எல்லாம் அந்தப் பிடியில் இருந்தது. எஸ்தரின் உள்ளே போன கண்கள் ஞாபகம் வந்தன. என் கை வெளியே வந்துவிட்டது.

"ஆமாங்க சார். இப்படித்தான். எம்பொண்ணு சாகக் கெடந்தா."

அந்தக் கையை நானே உருவினேனா, வேர்வையில் வழுக்கியதா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. உருவினேன் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். வழுக்கியது என்கிறாள் கிரேஸ்.

வைஸ் சேர்மன் என் பென்சிலைத் தேடினார். அது மேஜைக்கு அடியில் உருண்டு போயிருந்தது. டெபுடி கலெக்டரைப் பார்த்தார், மெதுவாகத் தீர்மானத்துக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள். கால்வாய் ஊருக்கு வெளியே போனது, மறுநாளே நானும் வேலைக்கு வெளியே போனேன். பேரணாம்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைக்கும்வரை கரீம் பாய் வீட்டிலிருந்துதான் எங்களுக்கு அரிசி வந்தது. முதலாளி அடுத்த தேர்தலிலும் ஜெயித்து சேர்மன் ஆனார். அந்த வாசலுக்கு மட்டும் அப்புறம் யாரும் திரை போடவில்லையாம்.

எங்கள் வீட்டில் அன்று தொடங்கிய சட்டம் இன்றும் உண்டு. எதைப் பற்றி முடிவெடுத்தாலும் எல்லோரும் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும். எஸ்தர் வளர்ந்து, தன்னைக் காப்பாற்றிய அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆனாள். அவளைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா, குளிருக்காகத் துண்டைக் கைமேல் போர்த்திக்கொண்டு, "பொண்ணுக்கு இன்னா செய்யறதா இருக்கீங்க?" என்று ஆரம்பித்தார். தட்டோடு வந்த எஸ்தர் அப்படியே நின்றாள்.

"மாமா, துண்டை எடுங்க. ரெண்டு கையும் மேஜை மேல."

அவர் திகைத்துப்போய்க் கையை வைத்தார். எதிரே என் இரண்டு கைகளும் அதற்கு முன்பே அங்கே இருந்தன.