எமிலியானுஸின் நித்திரையும் மனமகிழ்ச்சிச் செயலணியும்

மனிதகுலத்தின் கவலைகளை அடியோடு ஒழித்துக்கட்ட உலகத்தில் இதுவரை எத்தனையோ முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஞானிகள் காட்டுக்குப் போனார்கள். மன்னர்கள் முடி துறந்தார்கள். வெள்ளைக்காரர்கள் மாத்திரை கண்டுபிடித்தார்கள். இவை எல்லாவற்றையும் தராசின் ஒரு தட்டிலும், மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டில் எமிலியானுஸின் முற்றத்தில் நடந்ததை மறு தட்டிலும் வைத்தால், முற்றத்துத் தட்டுத்தான் தரை தட்டும். இது மிகை என்று சொல்பவர்கள் அந்த முற்றத்துக்குப் பக்கத்து அறையில் பகல் வேளையில் நித்திரை கொள்ள முயன்று பார்க்காதவர்கள்.

எமிலியானுஸ் கடற்தொழிலாளி. பொழுதுபடப் படகை இறக்குவார். இரவு முழுக்க வலையோடு மல்லுக்கட்டுவார். விடியக் கரைக்கு வந்து, மீனைக் கொடுத்து, வலையை உதறி, குளித்து, பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுச் சரிந்தால் பின்னேரம்தான் எழும்புவார். முன்பு கூடப் போன மச்சான் கட்டாருக்குப் பறந்துவிட்டதால் இப்போது தனியாகத்தான் தொழில். தனியே போகிற மனிதர் கடலில் கண்ணயர்ந்துவிட்டால் என்ன கதி என்ற பயம் மனைவி லூசியாவுக்கு. ஆகவே அவருடைய பகல் நித்திரைக்கு அவளே காவல். அறை யன்னலுக்குச் சாக்கு அடித்து வைத்திருந்தாள். பக்கத்து வளவுச் சேவல் கூவினால் கல்லெடுத்து எறிவாள். கோயில் மணிக்கு மட்டும்தான் இன்னும் எறியவில்லை.

இந்த நிலையில்தான் தாழ்வுபாட்டுக்கு 'மனமகிழ்ச்சி மேம்பாட்டுச் செயலணி' அருளப்பட்டது.

அதன் தலைவர் பாலசிங்கம் சேர், ஓய்வுபெற்ற பிரதி அதிபர். 'நாளாந்த வாழ்வும் மனநலமும்' என்ற பயிற்சிப் பட்டறைக்காகக் கொழும்பில் ஒரு குளிரூட்டிய விடுதியில் தங்கி, புபே சாப்பாட்டின் துணையோடு மக்களின் துயரத்தை ஆழமாகக் கற்றுத் திரும்பியவர். நித்திரை, வெளிச்சம், சத்தம், அயலவர் உறவு, சிரிப்பு ஆகிய சின்னச் சின்ன விடயங்கள்தான் மனிதனின் மனதை ஆக்குகின்றன அல்லது அழிக்கின்றன என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அவ்வளவும் உண்மை. அந்த உண்மைகளைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார்கள். சேருக்கு உதவியாளராக வந்தவள் பிரேமினி, புது நியமனம். வெள்ளாங்குளத்து வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை. கடலை அவள் பார்த்ததெல்லாம் மன்னார்ப் பாலத்தில் பஸ் வரும்போது யன்னல் வழியாகத்தான்.

வருட முடிவுக்குள் ஒருவரையாவது சுகப்படுத்திக் காட்ட வேண்டும் என்பது மேலிடத்தின் கட்டளை. ஊர்மக்களோ கொஞ்சமும் ஒத்துழைக்கவில்லை. மீன் காயவிட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் சேர் கனிவோடு போய் நின்றார்.

"உங்களுக்குக் கவலை ஏதும் இருக்கோ?"

"இருக்குத்தானே சேர். இழுவைப்படகு வந்து வலையை அறுத்துப்போட்டுப் போட்டுது."

"அது மீன்பிடிக் கந்தோர் விசயம். மனக்கவலை இருக்கோ?"

"மண்ணெண்ணெய் விலையை நினைச்சால் நெஞ்சு படபடக்குது."

"அது வேறை அமைச்சு, பிள்ளையள். எங்கடை பிரிவுக்குள்ளை வாற மாதிரி ஒரு கவலை சொல்லுங்கோவன்."

அப்படி ஒன்று அந்தக் கரை முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. மனமுடைந்துபோன செயலணி, லூசியாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்க நுழைந்தபோதுதான் அந்த அறையை எட்டிப் பார்த்தது. முகத்தை மூடிப் போர்த்துக்கொண்டு ஒரு மனிதர் கிடந்தார். சேருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களோ பிரேமினி! பட்டப்பகல். இருட்டறை. முகத்தை மூடியிருக்கிறார். ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. பயிற்சியிலை சொன்னது அப்பிடியே அச்சொட்டா இருக்கு!"

"சேர், ஆள் நித்திரை போலை…"

"அதுதானே பிள்ளை அறிகுறி!"

"ஐயோ, மெல்லக் கதையுங்கோ. இப்பதான் கடலாலை வந்து படுத்தவர்" என்று லூசியா கெஞ்சினாள். அதற்குள் சேர் நோயாளியின் தோளைப் பிடித்து உலுக்கியாயிற்று.

"எமிலியானுஸ், நித்திரை எல்லாம் எப்பிடி?"

எமிலியானுஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "இப்ப வரைக்கும் நல்லாத்தான் போச்சுது சேர்."

"ராவிலை நித்திரை கொள்ளுறனீங்களோ?"

"இல்லை."

"குறிச்சுக்கொள்ளுங்கோ பிரேமினி. எவ்வளவு காலமா இப்பிடி?"

"பதினாறு வயசிலையிருந்து."

"சீ, பாவம்! நித்திரை வராமல் ராராவா என்ன செய்வியள்?"

"மீன் பிடிப்பன்."

சேர் பிரேமினியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "உள்ளுக்குள்ளை இருக்கிற துன்பத்தை வேலையாலை மூடி மறைக்கிறார்."

அன்றே சிகிச்சை தொடங்கிற்று. வெளிச்சம் மனதுக்கு மருந்து என்பதால் முதலில் யன்னல் சாக்கு கழற்றப்பட்டது. மெல்லிய ஓசை நரம்புகளைத் தளர்த்தும் என்பதால் பூவரசில் ஒலிபெருக்கி கட்டி, கடல் அலைச் சத்தம் போட்டார்கள். எமிலியானுஸின் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். பிறந்த நாளிலிருந்து அந்த அலைச் சத்தத்தில்தான் அவர் கண் மூடுகிறார். இப்போது வீட்டுக் கடலை அமுக்கிக்கொண்டு எந்த நாட்டுக் கடலோ இரைந்தது. அது இணையத்தில் எடுத்த இலவசக் கடல். ஆகவே நடுநடுவே ஷாம்பு விளம்பரமும் வந்தது.

அடுத்தது 'அன்பு முறை'. தனிமை கொடிது என்பதால் அரை மணிக்கொருவராக அயலவர்கள் வந்து, நோயாளியைத் தொட்டு, "எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்க வேண்டும். வருகிறவர்களுக்கு ஒரு பைக்கற் பிஸ்கட். பிஸ்கட்டுக்காக யாரும் வரவில்லை, மனிதாபிமானத்துக்காகத்தான் வந்தார்கள். பிஸ்கட் தீர்ந்த அன்று மனிதாபிமானத்துக்கும் ஏதோ அலுவல் வந்துவிட்டது.

முத்தாய்ப்பாக, வளவு நிறைய ஆட்களைச் சேர்த்துச் சிரிப்புப் பயிற்சி. "ஹா ஹா! ஹோ ஹோ!" என்று சேர் அடி எடுத்துக் கொடுக்க, ஊரே சிரித்தது. றோட்டில் போன மோட்டார் சைக்கிள்கள் நின்று சிரித்தன. மதிலோரம் நின்ற கழுதை ஒன்று, அதை எவரும் அழைக்காவிட்டாலும், மிகச் சிறப்பாகப் பங்குபற்றியது. எமிலியானுஸ் சாரத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, வாசற்படியில் குந்தியிருந்து விக்கி விக்கி அழுதார்.

"அழட்டும், அழட்டும். உள்ளை கிடந்தது வெளியிலை வருகுது" என்று சேர் பூரித்துப்போனார்.

மறுநாள் லூசியா படலையைப் பூட்டினாள். கையில் ஈர்க்கு விளக்குமாறு.

"சேர், உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும். மனுசனைப் படுக்க விடுங்கோ. அவருக்கு நித்திரை காணாது."

"அதையேதான் லூசியா நானும் சொல்லுறன்! நித்திரை மனநலத்துக்கு மிக மிக முக்கியம். அதைப்பற்றி அவருக்கு ஒரு விளக்கம் குடுக்கத்தான் வந்தனாங்கள். கொஞ்சம் எழுப்பி விடுங்கோ."

லூசியா எழுப்பவில்லை. எழுப்புவதற்கு ஆளும் அங்கே இல்லை. எமிலியானுஸ் கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பழைய படகுக்குள் புகுந்து படுத்திருந்தார். நெட்டையான மனிதர். கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கால்களைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தது செயலணி. 'இருளை நாடுதல்' என்று ஒரு புதிய அறிகுறியும் கிடைத்தது.

இதற்குப் பிறகு நோய் மளமளவென்று முற்றியது. தேத்தண்ணிக்குள் உப்பைப் போட்டார். சட்டை போட மறந்து வலையைத் தோளில் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனார். மீன் ஏலத்தில் "சுறாவுக்கு என்ன விலை?" என்று கேட்ட வியாபாரியை அடிக்கப் பாய்ந்து, பாதி வழியில் நிறுத்தி, அவனுடைய தோளில் சாய்ந்து கண் மூடினார். ஊர் பயந்துபோயிற்று. செயலணி பயப்படவில்லை. இந்த மனிதருக்கு மனநிலை சரியில்லை என்று முதல் நாளே சொன்னது அதுதானே! சேரின் தீர்க்கதரிசனத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பிரேமினி மட்டும் ஒருமுறை வாய் திறந்தாள். "சேர், ஒரு நாளைக்கு அவரைச் சும்மா விட்டுப் பாத்தால் என்ன?"

"சும்மா விடுறதுக்குப் பயிற்சியிலை ஒண்டும் சொல்லேல்லையே, பிள்ளை."

அன்று பொழுதுபட எமிலியானுஸ் வழமைபோலக் கடலுக்குப் போனார். வலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். காற்று மெல்லிசாக வீசியது. அலை தன் சொந்தச் சத்தத்தில் தளம்பியது. ஷாம்பு இல்லை. பிஸ்கட் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்க ஒரு சீவன் இல்லை. ஐந்தே ஐந்து நிமிடம் என்று தனக்குத்தானே சத்தியம் பண்ணிக்கொண்டு படகின் முன்புறத்து அணியத்தில் தலை வைத்தார்.

விடிந்தது. எல்லாப் படகும் வந்தன. எமிலியானுஸின் படகு வரவில்லை.

லூசியா கரையில் நின்று அந்தோனியாரைக் கூப்பிட்டாள், மாதாவைக் கூப்பிட்டாள், ஐம்பது தரம் புருசனின் போனையும் கூப்பிட்டாள். ஒன்றும் பதில் சொல்லவில்லை. அவள் பயந்த பயம் எல்லாம் அன்றைக்கு அவளுக்கு முன்னால் வந்து நின்றது. போனை விடாமல் அழுத்திக்கொண்டு மணலில் இருந்துவிட்டாள். அவள் பக்கத்தில் சேர் வந்து குந்தினார்.

"லூசியா, பதட்டப்படக் கூடாது. மூச்சை மெல்ல இழுங்கோ. இழுத்துப் பிடியுங்கோ. இப்ப விடுங்கோ."

"என்ரை மனுசன் வரட்டும் சேர். உங்களை எப்பிடி விடுறதெண்டு அப்ப பாப்பம்."

அப்போதுதான் மறுமுனையில் யாரோ போனை எடுத்தார்கள். பழக்கமில்லாத குரல்.

"அக்கா, நான் சிலாவத்துறையில இருந்து பைசர் பேசுறன். ஒரு படகு எங்கட கரையில வந்து தட்டி நிக்கிது. உள்ளுக்குள்ள ஒரு ஆள் படுத்திருக்கார். அடிகாயம் ஒண்டும் இல்ல. அல்ஹம்துலில்லாஹ், நல்லாக் குறட்டை விடுறார். எழுப்பவா?"

காற்றும் நீரோட்டமுமாகச் சேர்ந்து அவரை அத்தனை கடலும் தாண்டிப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தன. லூசியா அழுதாள், சிரித்தாள், பிறகு ஊரே கேட்கக் கத்தினாள்.

"ஐயோ தம்பி, எழுப்பாதைங்கோ! உங்களைக் கும்பிட்டன், ஒருத்தரையும் எழுப்ப விடாதைங்கோ!"

"தாங்கோ, தாங்கோ. எழுப்பச் சொல்லுங்கோ. நான் அவரோடை ரெண்டு வார்த்தை கதைக்க வேணும்" என்று சேர் கையை நீட்டினார். லூசியா போனைப் பொத்திப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு கடலுக்குள் இறங்கிவிட்டாள். சேருக்கு நீச்சல் தெரியாது.

பைசர் ஒரு பட்டறைக்கும் போனதில்லை. படகுக்கு மேலே தறப்பாள் கட்டி நிழல் போட்டான். காகத்தை விரட்டினான். வேடிக்கை பார்க்க வந்தவர்களை வாயில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பினான். அவனுடைய மனைவி ஸீனத் சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டுப் போனாள். பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கு அழைக்கும் அசர் பாங்குக்குத்தான் எமிலியானுஸ் கண் விழித்தார். சோற்றை வழித்துத் தின்றார். இத்தனை நாளுக்குப் பிறகு அவருக்கு உப்பு எது, சீனி எது என்று தெரிந்தது.

அடுத்த வாரமே பாராட்டு விழா. நேரம் பகல் பதினொரு மணி. எமிலியானுஸை விடியக் கடலால் வந்த கையோடு தூக்கிக்கொண்டுபோய், மாலை போட்டு, மேடையில் கதிரையில் இருத்தினார்கள். மேலிடத்து அதிகாரிகள் முன்வரிசையில். சேர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"பெரியோர்களே! நாங்கள் கண்டெடுத்தபோது இவர் பகல் முழுவதும் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தவர். இன்று பகலில் படுப்பதே இல்லை. இரவில் நித்திரை என்றால் என்னவென்றே அறியாதவர். அண்மையில் ஓர் இரவு முழுவதும் ஆழ்ந்து உறங்கியிருக்கிறார். வீடும் கடலுமே கதி என்றிருந்தவர், தானாகவே சிலாவத்துறைக்கு ஓர் உல்லாசப் பயணம் மேற்கொண்டு, முஸ்லிம் சகோதரர்களோடு இன நல்லிணக்கமும் வளர்த்துத் திரும்பியிருக்கிறார்!"

மண்டபம் அதிரக் கைதட்டல். எமிலியானுஸின் தலை மாலைக்குள் தொங்கியது. பிரேமினி கையைத் தட்டாமல், அவர் கதிரையால் விழுந்துவிடாதபடி பின்னால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்போது அவருக்கு எமது நினைவுப் பரிசு" என்றார் சேர். பளபளக்கும் தாளைப் பிரித்தார்கள். அலாரம் மணிக்கூடு. வேலை செய்கிறதா என்று காட்ட அதிகாரி ஒருவர் அதை அடிக்கவும் விட்டார். எமிலியானுஸ் திடுக்கிட்டு எழுந்தார். கையில் மைக்கைத் திணித்து, தன் வாழ்வு எப்படி மாறியது என்று நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள்.

அவர் சிவந்த கண்ணால் சபையைப் பார்த்தார். மூலையில் நின்ற லூசியாவைப் பார்த்தார். பிறகு சேரைப் பார்த்தார்.

"சேர், எனக்கு வருத்தம் எண்டு ஒண்டும் இருக்கேல்லை. நித்திரை ஒண்டுதான் இருந்தது. அதைத்தான் நீங்கள் எல்லாரும் சேந்து சுகப்படுத்திப் போட்டியள்."