நெபுலைசருக்கு வைத்த சந்தனப் பொட்டு

உலகத்தில் உள்ளவர்களை மிஷின் கம்பவுண்டர் இரண்டே பிரிவாக வைத்திருந்தார். அவருடைய மிஷினில் மூச்சு இழுத்தவர்கள், இழுக்காதவர்கள். கலெக்டர் இழுக்காதவர். அதனால் கலெக்டர் மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு குழந்தை டாக்டரிடம் அவர் கம்பவுண்டர். தொண்ணூறுகளில் அங்கே நெபுலைசர் வந்தது. மருந்தைப் புகை மாதிரி ஆக்கி, மாஸ்க் வழியாக விடும். வந்த நாளிலிருந்து அவருடைய சொந்தப் பெயர் ஊருக்கு மறந்துவிட்டது. மிஷினுக்கு மஞ்சள் துண்டு போர்த்துவார். வெயில் காலத்தில் ஃபேனை மிஷின் பக்கம் திருப்பிவிடுவார். டாக்டர் வேர்த்துக்கொண்டு இருப்பார்.

நான் ராஜபாளையத்தில் நூல் மில் தொழிலாளி. மகள் செல்விக்கு நாலு வயசு. வீசிங். நெஞ்சு குழிவிழ, விசில் சத்தத்தோடு இழுக்கும். பஸ் பிடித்து ஓடுவோம். மிஷினைப் போட்டதும் கடகடவென்று சத்தம் வரும். கம்பவுண்டர் பக்கத்தில் நின்று தானும் இழுப்பார். பிள்ளை ஒரு தரம் இழுத்தால் அவர் மூன்று தரம்.

ஒரு நாள் டாக்டர் இன்ஹேலர் கொடுத்தார். "இதுவும் அதே மருந்துதான். வீட்டிலேயே கொடுங்க." சின்னப் பிள்ளைக்கு நேராக வாயில் அடித்தால் உள்ளே சரியாகப் போகாதாம். குளிர்பானம் இருந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு அதில் இன்ஹேலரைச் சொருகினார். அமுக்கினால் மருந்து பாட்டிலுக்குள் நிற்கும். பிள்ளை வாயை வைத்து மெதுவாக இழுக்கலாம்.

வெளியே வந்ததும் கம்பவுண்டர் மடக்கினார்.

"ஏன்யா, கலர் குடிச்ச பாட்டில்ல வைத்தியமா?"

"டாக்டர் சொன்னாவ, அண்ணாச்சி."

"அவிய படிச்சவிய, சொல்லுவாவ. சத்தமே இல்லாத மருந்து எம்புட்டு தூரம்யா உள்ள போவும்? பீரோவுல வையி."

வைத்தேன். நான் மில்லில் வேலை செய்கிறவன். சத்தம் போடாத மிஷினை நானும் நம்பியதில்லை. என் மனைவி மாரியம்மா மட்டும் டாக்டரிடம் போகும்போதெல்லாம் அதைப் பையில் போட்டு எடுத்து வருவாள். டாக்டர் கேட்டால் காட்ட.

ஆயுத பூஜை வந்தது. மில்லில் மிஷினை நிறுத்திக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். செல்விக்கு இழுப்பு. ஓடினோம்.

அங்கே மிஷினுக்கு மாலை. இரண்டு பக்கமும் வாழைக்கன்று. டாக்டர் மாடியில் குளித்துக்கொண்டிருந்தார்.

"பூஜையில வச்ச மிஷினை இன்னைக்குத் தொடப்படாதே," என்றார் கம்பவுண்டர். செல்வியைப் பார்த்தார். மிஷினைப் பார்த்துக் கும்பிட்டார். "மன்னிச்சுக்கோ தாயி. பிள்ளைக்குத்தான்."

மாலையைக் கழற்றி மருந்தை ஊற்றி சுவிட்சைப் போட்டார். சத்தம் வந்தது. புகை வரவில்லை.

தட்டினார். "ஏட்டி, மானத்தை வாங்காத." வரவில்லை. "கோவிச்சுக்கிட்டா," என்றார் எங்களிடம்.

செல்விக்கு விலா உள்ளே போய் வந்தது. பேச்சு வரவில்லை.

"அண்ணாச்சி, அவ கோவம் தீருத வரைக்கும் எம்புள்ள மூச்சை நிப்பாட்டி வைக்கவா?" என்றாள் மாரியம்மா. பையிலிருந்து பாட்டிலை வெளியே எடுத்துவிட்டாள்.

டாக்டர் ஈரத் தலையோடு இறங்கி வந்தார். "கொடும்மா. ஒரு தடவை அமுக்கு, பிள்ளை இழுக்கட்டும். பொறவு அடுத்தது."

அமுக்கினாள். சத்தமே இல்லை. கம்பவுண்டர் பக்கத்தில் நின்று இழுத்தார். அவருக்குத்தான் இழுப்பு அதிகம்.

செத்த நேரத்தில் செல்வியின் தோள் இறங்கியது. "பொரி," என்றாள்.

நான் மிஷினைத் திருப்பிப் பார்த்தேன். காற்று உள்ளே போகிற ஓட்டையில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். காய்ந்து சிமென்ட் மாதிரி இருந்தது. அதன் மேல் குங்குமம்.

"அண்ணாச்சி, மூக்குல போய் பொட்டு வச்சிருக்கிய."

"நெத்தின்னு நெனச்சேன்யா."

டாக்டர் சிரித்துச் சிரித்து அவருக்கே மூச்சு வாங்கியது. கம்பவுண்டர் பாட்டிலை அவர் பக்கம் நீட்டினார்.

அதற்குப் பிறகு வீட்டில் பாட்டில்தான். ரொம்ப முடியாவிட்டால் மட்டும் பஸ் ஏறினோம். அது குறைந்துகொண்டே வந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சும்மா போனோம். மிஷினுக்குப் பொட்டு கைப்பிடியில் இருந்தது. பக்கத்தில் ஒரு கலர் பாட்டில். அதற்கும் பொட்டு, அதற்கும் மாலை.

கம்பவுண்டர் செல்வியைக் கூப்பிட்டு மூச்சை இழுக்கச் சொன்னார். முதுகில் காதை வைத்தார். வெகுநேரம் காதை எடுக்கவில்லை.

"ஒரு சத்தமும் இல்லய்யா," என்றார்.

சத்தம் இல்லாததற்கு அந்த மனிதர் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.