ஏர்கோன் அண்ணனின் பக்கத்து நாற்காலி

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏர்கோன் என்கிற ஏசி இருக்கிற எந்த அறையிலும் ஏர்கோன் அண்ணனால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. ஏர்கோன் இல்லாத அறையில் அவர் உட்காரவே மாட்டார். இப்பேர்ப்பட்ட மனிதர், மூச்சுச் சத்தம்கூட வரக்கூடாத பியானோ நிகழ்ச்சிக்கு வந்து, அதுவும் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் என் கதி என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

அவருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கிள்ளானில் ஏர்கோன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவருடைய இரட்டைப் பையன்களும் என் மகள் தர்ஷினியும் பிரிக்பீல்ட்ஸில் ஒரே டீச்சரிடம் பியானோ கற்றுக்கொள்கிறார்கள். சனிக்கிழமைகளில் வகுப்புக்கு வெளியே பெஞ்சில் பெற்றோர் காத்திருப்போம். நாங்கள் எல்லோரும் போனைப் பார்ப்போம். அவர் மட்டும் மேலே பார்ப்பார்.

"கேக்குதா தங்கச்சி?"

"என்னண்ணே?"

"டக்கு டக்குன்னு. ஃபேன் மோட்டர். ரொம்ப நாள் தாங்காது லா."

அதுவரை எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அவர் சொன்ன பிறகு வேறு எதுவும் கேட்கவில்லை. உள்ளே என் பிள்ளை என்ன வாசிக்கிறாள் என்று கவனிக்கலாமென்றால் காதுக்குள் டக்கு டக்கு. இதற்கா நான் மாதாமாதம் ஃபீஸ் கட்டுகிறேன்?

கிள்ளானில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கொட்டுகிறது, மண்டபமே அட்சதையோடு எழுந்து நிற்கிறது. இவர் மேடைக்குப் பின்னால் நாற்காலி மேல் ஏறி ஏர்கோனுக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டு வீடியோவில் இன்றைக்கும் மாப்பிள்ளை தாலி கட்டுகிற நேரம் பார்த்து, மணப்பெண் தலைக்கு மேலே இரண்டு கால்கள் தெரியும்.

தர்ஷினியின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டது என் புத்தி. கேக் வெட்டுவதற்குள் ஹாலில் இருந்த ஏர்கோனைக் கழற்றி, ஃபில்டரை என் குளியலறையில் அலசிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் வியர்வையில் குளிக்க, ஓடுகிற கறுப்புத் தண்ணீரைக் காட்டி, "இத வச்சிக்கிட்டு எப்படித்தான் குடும்பம் நடத்துறீங்களோ" என்றார். என் மாமியார் முன்னால். மாமியார் அந்த வாசகத்தை இன்றுவரை விடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய பியானோ நிகழ்ச்சியில்தான் பெரிய கூத்து. ஒரு வாண்டு மேடையில் மெல்ல மெல்ல வாசித்துக்கொண்டிருக்க, இவர் ஏர்கோனை அண்ணாந்து பார்த்து, அரங்கத்துக்கே கேட்கும்படி "கேஸ் இல்ல" என்றார். டீச்சர் அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கு நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் அவரை நிறுத்திச் சொன்னார்.

"அண்ணே, அடுத்த வருஷம் வாயத் தொறந்தீங்கன்னா வெளியதான் நிக்கணும். உங்க பசங்க வாசிச்சாலும் சரி."

அவர் தலையாட்டினார். எனக்கு அப்படியொரு திருப்தி. ஆனால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. அதே நாளில்தான் என் மகள் பாதிப் பாட்டில் மறந்துபோய் நின்று, அழுதுகொண்டே மேடையை விட்டு ஓடினாள்.

அதற்குப் பிறகு வருஷம் முழுக்க அவள் பழகியது எனக்குத் தெரியும். போன வருஷ நிகழ்ச்சிக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா, நான் இனிமே பியானோவத் தொடமாட்டேன்மா." மிரட்டுகிற பிள்ளை இல்லை அவள். சொன்னால் செய்கிற ரகம்.

நிகழ்ச்சித் தாளில் அவள் பெயரையே பார்த்துக்கொண்டு நான் அரங்கத்தில் உட்கார்ந்திருக்க, பூப்போட்ட பாத்தேக் சட்டையும் பையில் ஸ்க்ரூ டிரைவருமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார் மனிதர்.

"நம்ம பசங்க கடைசி, தங்கச்சி. ரெண்டு பேரும் ஒரே பியானோல. நான் இன்னும் கேக்கவே இல்ல. சர்ப்ரைஸாம், கதவ சாத்திக்கிட்டுத்தான் பழகுறானுங்க."

"வாய மூடிக்கிட்டு இருந்தாத்தான் கேக்க முடியும்ணே."

"மூடிட்டேன் லா" என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

தர்ஷினி நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பாதி தாண்டியது. நான் மூச்சு விடப்போன நேரம், விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. அரங்கம் முழுக்க அமைதி. அந்த அமைதி எனக்கு ஏற்கெனவே பழக்கம். அவளுடைய கீழுதடு துடிப்பது என் இடத்திலிருந்தே தெரிந்தது.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

"டீச்சர், ஒரு நிமிஷம். ஏர்கோன் தண்ணி சொட்டுது, நேரா பியானோவுக்கு மேல. உள்ள எறங்குனா பியானோ அவ்வளவுதான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் பிள்ளை அங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவருக்கு ஏர்கோன். சட்டையைப் பிடித்து இழுத்தேன். நிற்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பியானோவுக்குப் பக்கத்தில் போட்டு ஏறினார். கவரைத் திறந்தார். உள்ளே பார்த்தார். ஊதினார். மூடினார். மறுபடியும் திறந்தார். எனக்குப் பின்னால் இருந்த ஒரு தகப்பனார் குனிந்து கேட்டார்: "உங்க வீட்டுக்காரரா?"

"யாருன்னே தெரியாது" என்றேன்.

ஒருவழியாக இறங்கினார். "சரியாயிடுச்சு டீச்சர். புள்ள மொதல்ல இருந்து வாசிக்கட்டும்."

டீச்சர் கதவைக் காட்டினார். இவர் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தர்ஷினி முதலிலிருந்து வாசித்தாள். அந்த இடம் வந்தது. தாண்டினாள். முடித்து எழுந்தபோது நான் அழுதுகொண்டே கைதட்டினேன், அழுதுகொண்டே அந்த மனிதரைத் திட்டவும் செய்தேன். கடைசியில் அவருடைய பையன்கள் ஒரே நிறச் சட்டையில் வந்து நான்கு கைகளால் வாசித்தார்கள். முடித்துக் குனிந்து வணக்கம் சொல்லும்போது இருவரும் என் பக்கத்து நாற்காலியைத்தான் பார்த்தார்கள். அது காலியாக இருந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

வீடு திரும்பும் வழியில் ஜாம். அப்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

"உன் தலைக்கு மேல ஏறி நின்னு அப்படி என்னதான் பண்ணாரு அந்த ஆளு?"

"ஒண்ணும் பண்ணலம்மா. தண்ணியே சொட்டல."

"அப்புறம்?"

"'எங்க நின்னுச்சோ அந்த எடத்த மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துக்கம்மா, அவசரமே இல்ல. நீ பாத்து முடிச்சதும் சொல்லு, அங்கிள் எறங்குறேன்'னாரு. நான் பாத்துட்டேன்னு சொன்னதும் எறங்கிட்டாரு."



அடுத்த சனிக்கிழமை பெஞ்சில் கேட்டேன். "அந்த ஏர்கோனுக்கு என்னதான்ணே?"

"அதுவா? புது ஏர்கோன் தங்கச்சி. ஒரு கொறையும் இல்ல."

"பசங்க வாசிச்சது வெளிய கேட்டுச்சா?"

"எங்க? குளிரு வெளிய போவாம கதவ சுத்தி ரப்பர் போட்டு கச்சிதமா அடைச்சிருக்கான். ஒரு சத்தம் வரல. நல்ல வேலக்காரன்."

அவர் எதையாவது குறை சொல்லாமல் விட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்காகவும் எனக்குக் கோபம் வந்தது.

இந்த வருஷ நிகழ்ச்சி போன வாரம். அந்த அண்ணனை உள்ளேயே விடப்போவதில்லை என்றார் டீச்சர். நடந்ததைச் சொல்லி, அவர் வராவிட்டால் நாங்களும் வரமாட்டோம் என்று சண்டை பிடித்தேன். அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் போய், பார்வையாளர் பக்கத்து ஏர்கோனுக்கு நேர் கீழே, என் பக்கத்து நாற்காலியில் துப்பட்டாவைப் போட்டு இடம் பிடித்தேன். போன வருஷம் பின்னால் இருந்த அதே தகப்பனார் வந்து, "இங்க ஆள் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றேன். "எங்கண்ணன் வராரு."