கிரகணத்துக்கு முன்னால் விழுந்த உலக்கை

யாழினி, இன்பா, அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று நீங்கள் நம்பிய காலம் ஒன்று உண்டு. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாடம்பாக்கத்தில் நம் அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்கில், எட்டு வீட்டுக்காரர்கள் முன்னால் முடிந்துபோனது. அதை நானே எழுதிவிடுகிறேன். (உங்கள் அம்மா சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.)

அன்று மதியம் சூரிய கிரகணம். கிரகணக் கண்ணாடி வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வாரமாக நீங்கள் தூங்கவில்லை. ஆனால் மொட்டைமாடிச் சாவி அசோசியேஷன் செயலாளர் கோபால் சாரிடம். கிரகண நேரத்தில் யாரும் மாடிக்குப் போகக்கூடாது என்று குரூப்பில் போட்டுவிட்டார். கிரகணத்துக்கு ஒரு சக்தி உண்டாம். அதனால்தான் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால் அந்த நேரத்தில் மட்டும் உலக்கை நிற்கிறதாம்.

நான் பத்தாவது படித்தவன், பல்லாவரத்தில் ஃபிட்டர். ஆனால் அந்த வாரம் போனில் அறிவியல் வீடியோ நான்கு பார்த்திருந்தேன். (ஒரு மனுஷனைக் கெடுக்க நான்கு போதும்.) பார்க்கிங்கில் அவரை நிறுத்தி, கிரகணம் இல்லாதபோதும் உலக்கை நிற்கிறதா என்று பார்க்காமல் எதையும் சொல்லக்கூடாது, அதுதான் அறிவியல் முறை என்று சொற்பொழிவு ஆற்றினேன். கூட்டம் சேர்ந்தது. கோபால் சார் பொறுமையாகக் கேட்டார்.

“போன கிரகணத்துல நான் நிக்க வெச்சிருக்கேன் சார். நீங்க எப்பவாவது வெச்சு பாத்திருக்கீங்களா?”

“வீடியோல பாத்தேன்.”

“சரி, இப்ப வைங்க. நின்னா சாவி உங்களுக்கு.”

இரண்டாம் மாடி சரோஜா அக்காவிடம் உலக்கை வாங்கி வந்தேன். தாம்பாளத்தில் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை எடுத்தேன். சாய்ந்தது. மறுபடி நிறுத்தினேன், மறுபடி சாய்ந்தது. ஏழாவது முறை அது என் வலது கால் கட்டைவிரலைத் தேர்ந்தெடுத்தது. சரோஜா அக்காவிடம் ஐஸ் கேட்டதோடு என் வாதம் முடிந்தது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கிரகணம் பிடித்ததும் (பார்க்கிங்குக்குக் கூரை இருப்பதால் அங்கே வரத் தடையில்லையாம்) கோபால் சார் அதே உலக்கையை அதே தாம்பாளத்தில் வைத்தார். கொடிக்கம்பம் மாதிரி நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். கோபால் சார் என்னைக் காட்டிச் சொன்னார்:

“சார் சொன்னது கரெக்ட்டு. ரெண்டு நேரமும் பாக்கணும். பாத்தாச்சு.”

அவருக்கு இல்லாத ஆதாரத்தை நானே கால்விரல் கொடுத்துத் தயாரித்திருந்தேன். மாடி திறக்கவில்லை. நீங்கள் வாசல் கேட் ஓரம் வேப்பமரத்தடியில், இலை இடுக்கு வழியாகப் பிறை பிறையாக விழுந்த வெயிலைக் கண்டுபிடித்து, கிரகணத்தைத் தரையில் பார்த்தீர்கள்.

அன்றிலிருந்து பால் திரிந்துவிட்டது என்று நான் சொன்னால்கூட, “வெச்சு பாத்தீங்களாப்பா?” என்கிறீர்கள். நல்ல கேள்விதான், விடாதீர்கள்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொன்னதில்லை. மறுநாள் விரல் வீங்கி நான் லீவு. அம்மா வேலைக்கும் நீங்கள் பள்ளிக்கும் போய்விட்டீர்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய உலக்கை நம் வீட்டுக் கதவோரம் சாத்தியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். பூண் போட்ட முனை இடித்து இடித்து உருண்டையாகத் தேய்ந்திருந்தது. நான் நிறுத்தியது அந்த முனையில். இன்னொரு முனை தட்டையாக இருந்தது.

தலைகீழாகத் திருப்பித் தாம்பாளத்தில் வைத்தேன். திங்கட்கிழமை, பதினோரு மணி, வெளியே சுள்ளென்று வெயில். கையை எடுத்தேன். நின்றது.

யாரையாவது கூப்பிடலாமா என்று தோன்றியது. கூப்பிடவில்லை. உலக்கையைச் சாய்த்துவிட்டு, இன்னொரு முறை நிறுத்தினேன்.