எரர் வராத மனிதர்

பண்டாரவளைப் பக்கம் குளிருக்கு அடுத்தபடியாகத் தாராளமாகக் கிடைப்பது எரர் வராத மனிதர் என்கிற இனம். பார்த்திருப்பீர்கள். இவர் கடையில் முறைப்பாடு இல்லை, வீட்டில் சண்டை இல்லை, வண்டியில் கோளாறு இல்லை. வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் அதன் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். அப்புறம் ஏது கோளாறு?

சோம்பேறி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒரு பிழையைத் திருத்துவதற்குப் படவேண்டிய பாட்டைப்போல் இரண்டு மடங்கு பட்டு, அந்தப் பிழையைத் தன் கண்ணில் படாத இடமாகப் பார்த்து அனுப்பிவைப்பார். கூரை ஒழுகினால் வாளி வைப்பார். வாளியில் சொட்டுகிற சத்தம் தூக்கத்தைக் கெடுத்தால் வாளிக்குள் உடுத்துக் கிழிந்த பழைய சாரம் ஒன்றைச் சுருட்டிப் போடுவார். சத்தம் நின்றதும் கூரை தானாகவே சரியாகிவிட்டது என்று மனதார நம்புவார். தேயிலைத் தோட்டத்து ஆபீசிலும் இந்த இனம் உண்டு. நாங்க குடியிருக்கிற லயத்துக்குத் தண்ணி வரல்லீங்க என்று போய் நின்றால், "யூனியன் தலைவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று அன்பாகக் கேட்டு அனுப்பிவிடும். தண்ணீர் வராது. ஆனால் அதற்குப் பிறகு ஆளும் வராது அல்லவா?

நான் கிட்ட இருந்து பார்த்தவர் என் கூட்டாளி ஷாஹ்மி. டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். திருத்திய போன் மறுபடி செத்துவிட்டது என்று யாராவது வந்தால், "அத ஹிஷாமிட்ட செல்லுங்க, அவர்தான் அதெல்லாம் பாக்கிற" என்பார். முன்பு கடையில் வேலை செய்த ஹிஷாம் கத்தாருக்குப் போய் ஒரு பெருநாள் கழிந்துவிட்டது. அது ஷாஹ்மிக்கும் தெரியும். ஏர்போர்ட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனவரே அவர்தான்.

இப்படிப்பட்டவருக்குக் கம்ப்யூட்டரில் சீ மொழியும் தெரியும் என்றால் என்ன ஆகும்? அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவருடைய மனைவி முஷ்ரிபா கோழிக்குஞ்சு பொரிக்கத் தொடங்கியிருந்தார். மீனுக்கு ஐஸ் போட்டு வருமே, அந்த மாதிரிப் பெரிய வெள்ளை ரெஜிபோம் பெட்டி, அதற்குள் சூட்டுக்கு ஒரு பல்ப், தட்டு நிறைய நாட்டுக்கோழி முட்டை. அவருடைய முதல் தட்டு அது. தோட்டத்துப் பெண்கள் பலர் குஞ்சுக்கு இப்போதே சொல்லி வைத்திருந்தார்கள். முஷ்ரிபா வேளை தவறாமல் முட்டைகளைக் கையால் புரட்டி, போன் டோர்ச்சை முட்டைக்குப் பின்னால் பிடித்து, உள்ளே சிவப்பாக நரம்பு ஓடுவதைப் பார்த்துத் தனியே சிரித்துக்கொள்வார். இது சரியாக வந்தால் சொந்தமாக ஒரு தொழில். வராவிட்டால், "நான் அப்பவே செல்லல்லயா" என்று சொல்வதற்கு ஷாஹ்மியின் தரப்பில் ஒரு பெரிய குடும்பமே காத்திருந்தது.

ஷாஹ்மியும் மனைவிக்கு உதவத்தான் நினைத்தார், பாவம். பெட்டிக்குள் சூடு பார்க்கும் கருவி ஒன்றை வைத்து, வயரைப் பழைய லெப்டொப்பில் செருகி, சீ மொழியில் ஒரு புரோகிராம் எழுதினார். சீ புரோகிராமுக்குப் பிறவியிலேயே இரண்டு வாய். ஒன்று சாதாரணப் பேச்சுக்கு, மற்றது எரர் சொல்வதற்கு. இரண்டும் திரையில்தான் பேசும். ஷாஹ்மியின் புரோகிராம் முதல் வாயால் பெரிய எழுத்தில் அவருடைய பெயரைக் காட்டும். முட்டை குளிர்ந்தால் இரண்டாவது வாயால் எச்சரிக்கை எழுதும். நல்ல புரோகிராம்தான். சூடு கொஞ்சம் குறைந்தாலும் எழுதும். முஷ்ரிபா ஓடிவந்து பார்ப்பார்.

ஆனால் பெயருக்குக் கீழே வரிவரியாக எச்சரிக்கை விழுந்தால் பார்க்க வடிவாகவா இருக்கும்?

அதற்கு சீ மொழியில் ஒரு கட்டளை உண்டு: எஃப்ரீஓப்பன். ஏற்கெனவே திறந்திருக்கும் வாயை மூடி, அதே வாயை வேறொரு ஃபைலுக்குத் திருப்பித் திறந்துவிடும். புரோகிராமுக்கு ஒன்றும் தெரியாது; பேசிக்கொண்டே இருக்கும். பேச்சு மட்டும் வேறு இடத்துக்குப் போகும். ஷாஹ்மி எரர் வாயைப் பென்டிரைவில் ஒரு ஃபைலுக்குத் திருப்பினார். "ஆறுதலா இருந்து படிக்கலாம் மச்சான்," என்றார். படித்தாரா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இந்தக் கட்டளைக்கு ஒரு குணம் உண்டு. பழைய வழியை முதலில் மூடிவிட்டுத்தான் புது வழியைத் திறக்கப் பார்க்கும். புது வழி திறக்காவிட்டால்? பழையதும் போச்சு, புதியதும் இல்லை. முடியவில்லை என்று கட்டளை நேர்மையாகச் சொல்லத்தான் செய்யும். ஆனால் கேட்டால்தான் சொல்லும். கேட்பதற்கு இரண்டு வரி எழுதினால் போதும். எழுதுவாரா நம்மவர்?

முஷ்ரிபா மொனராகலையில் தாத்தா வீட்டில், அதாவது அக்கா வீட்டில், கத்தம் ஓதலுக்குக் காலையிலேயே புறப்பட்டார். போகும்போது வாசலில் நின்று, "இங்க பாருங்க, பெட்டியக் கொஞ்சம் பாத்துக்கோங்க," என்றார். "அதுக்குத்தானே புரோகிராம் இருக்கு," என்றார் ஷாஹ்மி. முஷ்ரிபா போனதும் ஷாஹ்மி பென்டிரைவைக் கழற்றி, தன் கடைக்கு நோட்டீஸ் அடிக்கவென்று பிரின்ட் எடுக்கும் கொமியூனிகேஷன் கடையில் கொடுத்துவிட்டு வந்தார். புரோகிராமை மறுபடி ஓட்டினார். ஃபைல் இருந்த இடம் இல்லை. வாய் மூடியது மூடியதுதான்.

அன்றைக்கென்று பெட்டியின் பல்ப் பியூஸ் ஆனது.

நானும் அங்கேதான் இருந்தேன். வெளியே தூறல். லெப்டொப்புக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து பிளேன்டீயும் மாரி பிஸ்கட்டுமாகப் பேசிக்கொண்டிருந்தோம். திரையைத் தடவித் தடவிக் காட்டினார் ஷாஹ்மி. "பாத்தியா, ஒரு எரர் இல்ல. இப்பிடி எழுதோணும் புரோகிராம்." அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் முட்டைகள் குளிர்ந்துகொண்டிருந்தன.

பின்னேரம் முஷ்ரிபா வந்தார். செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் நேரே பெட்டிக்குள் கையை விட்டார்.

"முட்டையெல்லாம் சில்லுனு இருக்கே."

"இருக்காது. எரர் ஒண்டும் வரல்லயே," என்றார் ஷாஹ்மி, திரையைப் பார்த்தபடி.

"பல்ப் எரியல்லங்க."

"இதில ஒண்டும் காட்டல்லயே."

முஷ்ரிபா பெட்டியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். ஷாஹ்மி மெல்ல எழுந்து, புரோகிராமை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தார். அவருடைய பெயர் பெரிய எழுத்தில் வந்தது.

பக்கத்து வீட்டுக் கலாராணிக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. "எந்திரிங்க முஷ்ரிபா. எங்க கோழி அடைக்கு உக்காந்திருக்கு, அதுக்கடியில வச்சுப் பாப்போம்," என்று முட்டைகளை முந்தானையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். ஒரு கோழிக்கு எவ்வளவு அடங்கும்? அடங்கியதில் சில பொரித்தன. மற்றவையெல்லாம் கறிவேப்பிலை மரத்தடியில் புதைபட்டன.

அதற்குப் பிறகு ஷாஹ்மியைக் கடையில் கண்டேன். முகம் மலர்ந்திருந்தது. "முஷ்ரிபா இப்ப முந்தி மாதிரி இல்ல மச்சான். பெட்டியப் பாருங்க, கூரையப் பாருங்க எண்டு ஒரு பேச்சில்ல. வீடு நல்ல அமைதி."

அந்த அமைதியை நான் போய்ப் பார்த்தேன். பெட்டியும் புதுத் தட்டு முட்டையும் கலாராணி வீட்டு அடுப்படியில் இருக்கின்றன. எந்த முட்டையில் உயிர் இருக்கிறது, எது சந்தேகம், மனதில் என்ன பாரம் எல்லாவற்றையும் முஷ்ரிபா அங்கே உட்கார்ந்து கலாராணியிடம் மணிக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டிலிருந்து பெட்டி போனது ஷாஹ்மிக்கு இன்னும் தெரியாது.

உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் அப்படிப்பட்டவரா? உங்கள் வீட்டில்தான் கொஞ்ச நாளாக யாரும் எதற்கும் குறை சொல்வதில்லையே.