கொம்பனிக் கடைச் சீலை

கந்தப்போடியார் ஒரு முடிவு எடுத்தால் ஊருக்கே கேட்கும். அது எத்தனை நாள் நிற்கும் என்பது வேறு கதை. அந்த வருஷம் வேளாண்மை வெட்டி, சூடடித்து, நெல் வீட்டுக்கு வந்து சேர்ந்த கையோடு அவர் எடுத்த முடிவு, முகைதீன்பாவாவின் புடவைப் பொட்டணி இனிமேல் தன் வீட்டு வளவுக்குள் இறங்கக் கூடாது என்பது.

முகைதீன்பாவா காத்தான்குடிக்காரர். மண்முனைத் துறையில் தோணி ஏறி, வாவியைக் கடந்து மறுகரையான படுவான்கரைக்கு வந்து, ஊர் ஊராகப் புடவை விற்கிறவர். அவர் வந்து பொட்டணியை அவிழ்த்தால் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் போடியார் வீட்டு முற்றத்தில் கூடிவிடுவார்கள். சீலையை விரிப்பார்கள், உதறுவார்கள், தோளில் போட்டுப் பார்ப்பார்கள். பாவா வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்ப் புதினம் சொல்லுவார். போடியாரை ஒருவரும் ஒரு சொல் கேட்கமாட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி அன்னப்பூரணி திரும்பிப் பார்த்து, "பாவாவுக்கு நெல்லு அளந்து விடுங்க" என்பாள். போடியாருடைய வேலை அவ்வளவுதான்.

வீடும் வளவும் அன்னப்பூரணியின் சீதனம். ஊர் வயல்வெளியான வட்டையில் அவர்களுடைய வயலிலும் பாதி அவளுடையது. சீலை விஷயத்திலாவது தன் சொல் நடக்கட்டும் என்று போடியார் ஆசைப்பட்டது பெரிய குற்றமில்லை. ஆசையை மனதுக்குள் வைத்திருந்தால் பிழைத்திருப்பார். அம்மன் கோயில் சடங்குக்கு நாள் வைக்க ஊர்க்கூட்டம் கூடியபோது எழுந்து நின்று சொல்லிவிட்டார்.

"இந்த முறை சடங்குக்கு என்ட பொஞ்சாதி உடுக்கப் போறது நான் பார்த்து எடுக்கிற சீலை. டவுனில புதுசாத் திறந்திரிக்கே கொம்பனிக் கடை, அங்க எடுத்த சீலை. அப்படி நடக்காட்டி என்னப் போடி எண்டு ஒருத்தரும் கூப்பிட வேணாம்."

கொழும்பு, கண்டி, காலி என்று ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த பெரிய கடை அது. மட்டக்களப்பிலும் கண்ணாடிக் கதவு போட்டுத் திறந்திருந்தார்கள். பெரிய வயல்காரருக்கு ஊர் தரும் போடி என்ற பட்டத்தை அதன் வாசலில் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டுப் போடியார் வீட்டுக்கு வந்தார். வழி முழுக்கச் சண்டைக்கு ஆயத்தம் பண்ணிக்கொண்டு வந்தவருக்குச் சண்டை கிடைக்கவில்லை. அன்னப்பூரணி பாக்கு வெட்டிக்கொண்டே, "ஓம், போயிட்டு வாங்க. பெரிய கடை, பொறுமையா நில்லுங்க" என்றாள். போடியாருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

மறுநாள் கரை வேட்டி கட்டி, சால்வை போட்டு, குடையும் கையுமாகத் தோணி ஏறினார். கடைக்குள் காலடி வைத்ததும், "வாங்க போடியார்" என்ற சத்தத்துக்காக ஒரு நிமிஷம் நின்றார். அப்படி ஒரு சத்தம் வரவில்லை. கோட்டுப் போட்ட இளைஞன் ஒருவன் ஏதோ எழுதிக்கொண்டே கேட்டான்.

"எந்தப் பகுதி ஐயா?"

"படுவான்கரைப் பகுதி" என்றார் போடியார், கம்பீரமாக.

துணியில் எந்தப் பகுதி என்று கேட்டதாக அவன் விளக்கம் சொன்னான். சீலை என்றதும், அது தன் பகுதி அல்ல, வலப்பக்கம் போகவும் என்றான். வலப்பக்கத்தில் இருந்தவன் தன்னுடையது சட்டைத் துணி என்றான். அவன் காட்டிய இடத்தில் ஒருவன் இருந்தான், சீலையும் இருந்தது, ஆனால் அவன் சாப்பிடப் போகிற நேரம். பக்கத்தில் சும்மா நின்றவனிடம் கேட்டால், இன்னொருவர் பகுதியில் தான் கை வைக்கக் கூடாது என்றான். தன் வயலுக்குத் தண்ணீர் கேட்டு, அதைப் பங்கிடுகிற வட்டை விதானைக்குப் பின்னால் அலைந்ததைவிட அதிகமாகப் போடியார் அந்தக் கடைக்குள் அலைந்தார்.

கடைசியில் கண்ணாடி அலுமாரிக்குள் கிளிப்பச்சை நிறத்தில் ஒரு சீலை அவர் கண்ணில் பட்டது. வெளியே எடுத்ததும் விரலால் நெருடிப் பார்க்கக் கையை நீட்டினார். தொடக் கூடாதாம். வெயிலில் பிடித்துச் சாயம் பார்க்க வேண்டும் என்றார். வாசலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாதாம். பரவாயில்லை, பேரத்தில் பிடிக்கலாம் என்று நினைத்து, அவன் சொன்ன விலையில் பாதியைச் சொன்னார். அவன் சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினான். 'ஒரே விலை' என்று எழுதியிருந்தது.

"அது மத்த ஆக்களுக்கு. நமக்கு என்ன விலை?"

"எல்லாருக்கும் அதுதான் ஐயா."

போடியாருக்கு இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுவதும் எந்தக் கடையிலும் தோற்காத வித்தை அது. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப வேணாம்" என்று எழுந்து நடந்தார். வாசலுக்குப் போகு முன்பே பின்னால் கூப்பிடுவார்கள். மெதுவாகத்தான் நடந்தார். கூப்பிடவில்லை. படியில் நின்று குடையை விரித்தார். கூப்பிடவில்லை. தெருவைக் கடந்து வாகை மரத்தடியில் நின்றுகொண்டு, அவர்களுக்குத் தன்னைக் கண்டுபிடிக்கக் கஷ்டம் வரக் கூடாது என்று குடையைக்கூட மடக்கிவிட்டார். மரத்தடி நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது. கடையிலிருந்து ஒரு குஞ்சும் எட்டிப் பார்க்கவில்லை. வெட்கம் ஒரு பக்கம், சடங்கு ஒரு பக்கம். போடியார் தானாகவே திரும்பிப் போனார்.

"ஐயா, எந்தப் பகுதி?" என்றான் கோட்டுக்காரன், முன்பின் பார்க்காதவன் மாதிரி.

ஒருவழியாகப் பச்சைச் சீலை முடிவானது. காசை நீட்டினார். விற்றவன் அதை ஒரு பித்தளைக் குப்பிக்குள் அடைத்து, தலைக்கு மேல் கட்டியிருந்த கம்பியில் மாட்டி ஒரு கயிற்றை இழுத்தான். குப்பி விர்ரென்று பறந்தது. தன் காசு கண் முன்னால் பறந்து போவதைப் போடியார் இதற்கு முன் பார்த்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் கீழே ஓடினார். வழியில் நின்ற தலையணை உறைகளின் அடுக்கு சரிந்தது. ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி ஒதுங்கி நின்று வழிவிட்டாள். குப்பி கடையின் மறு கோடியில் கூட்டுக்குள் இருந்த காசாளரிடம் போய் நின்றது. மூச்சு வாங்கியபடி போடியாரும் போய் நின்றார். மிச்சக் காசு அதே கம்பியில் பழைய இடத்துக்குப் பறந்தது. திரும்பவும் ஓடினார். பொதி கொடுக்கிற இடம் வேறு ஒரு மூலையில் இருந்தது. அங்கே கடைப் பெயர் அச்சடித்த தாளில் சுற்றி, சிவப்பு நூலால் கட்டி, ஒரு பொதியைக் கையில் வைத்தார்கள்.

வீட்டில் அன்னப்பூரணி நூலை அவிழ்த்தாள். பக்கத்து வளவு இலட்சுமிப்பிள்ளையும் எட்டிப் பார்த்தாள். அன்னப்பூரணிக்கு அவள் அக்கா முறை. ஊரில் எது நடந்தாலும் முதல் ஆள். உள்ளே இருந்தது கம்பளி. மலைநாட்டுக் குளிருக்கு மேற்சட்டை தைக்கிற, ரோமம் நிறைந்த, தடித்த சாம்பல் நிறக் கம்பளி. சித்திரை வெயிலில் அதைப் பார்த்தாலே வியர்த்தது.

"பச்சை எண்டீங்க" என்றாள் அன்னப்பூரணி.

போடியார் அசரவில்லை. பொதி மாறிவிட்டது, பெரிய கடையில் இப்படி நடக்கிறது உண்டு, நாளைக்குப் போய் நாலு கேள்வி கேட்டால் மானேஜரே எழுந்து வந்து மாற்றித் தருவான் என்றார். அன்னப்பூரணி கம்பளியைப் பழையபடி மடித்துத் தாளில் சுற்றினாள்.

"மாத்துறதுதான் மாத்துறீங்க, பச்சை வேணாம். அரக்குச் சிவப்பு எடுங்க. மஞ்சள் கரை. கரை ஒடுக்கமா இரிக்கட்டும். சடங்குக்கு அதுதான் சோக்கா இரிக்கும்."

தன்னிடம் அவள் ஒன்றைக் கேட்டு வாங்குகிறாள் என்பதே போடியாருக்குப் பெரிய வெற்றியாகத் தெரிந்தது. அரக்குச் சிவப்பு, ஒடுங்கிய மஞ்சள் கரை என்று தோணி நெடுகச் சொல்லிக்கொண்டே போனார்.

கடையில் பொதியை வைத்ததும், வெட்டின துணி திருப்பி எடுக்கப்படமாட்டாது என்றார்கள். தான் எடுத்தது அதுவே அல்ல என்றார். அப்படியானால் வாசலைத் தாண்டு முன் அவிழ்த்துப் பார்த்திருக்க வேண்டும். சீலை விற்றவனைக் கூப்பிடச் சொன்னார். அவனைக் கண்டிக் கிளைக்கு மாற்றிவிட்டார்களாம். பொதி கட்டினவனோ, கட்டுவது மட்டும்தான் தன் வேலை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது வேறு பகுதி என்றான். மானேஜரைப் பார்க்க ஒரு நீள மர வாங்கில் இருத்தினார்கள். அந்த வாங்கில் அவருக்கு முன்பே இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுடைய முகத்தைப் பார்த்தால் கடை திறந்த நாளிலிருந்து இருக்கிறவர்கள் போலிருந்தது.

மானேஜர் நல்ல மனிதர். உட்காரக் கதிரை தந்தார். முழுவதையும் கேட்டார். தலையை ஆட்டினார். "உங்கட கவலை எங்களுக்கு விளங்குது ஐயா" என்றார். பிறகு, கொழும்புக்கு எழுத வேண்டும், கொழும்பிலிருந்து பதில் வர ஆடி மாதம் ஆகலாம் என்றார். சடங்கு வைகாசியில். கோபத்தில் போடியார் மேசையில் குத்திப் பார்த்தார். மேசையும் கொழும்பிலிருந்து வந்ததுதான், அசையவில்லை.

பொதியை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவில் வந்து நின்றார். கம்பளிப் பொதியோடு வீட்டுக்குப் போனால் நாளையிலிருந்து வெறும் கந்தன். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பேச முடியாது. இந்த நேரத்தில்தான் கல்முனைக்குப் போகிற பஸ் வந்தது. அதில் ஏறி, வழியில் காத்தான்குடியில் இறங்கினார்.

முகைதீன்பாவா வீட்டு வாசலில் பாய் போட்டார், தேத்தண்ணி வந்தது, வெற்றிலை வந்தது. தன் வளவுக்குள் இந்த மனிதனை வரவேண்டாம் என்று தடுத்ததை நினைக்கப் போடியாருக்குக் கூச்சமாக இருந்தது. சுற்றி வளைத்து வந்து, அரக்குச் சிவப்பில் ஒடுங்கிய மஞ்சள் கரை வைத்து ஒரு சீலை கிடைக்குமா என்று கேட்டார். பாவா தேடக்கூட இல்லை. பக்கத்தில் கிடந்த பெட்டியைத் திறந்து, மேலே இருந்ததை மடிப்போடு எடுத்து வைத்தார். போடியார் விரித்தும் பார்க்கவில்லை, விலையும் பேசவில்லை. கம்பளியைப் பாவாவின் தலையில் கட்டிவிட்டு, கடைத் தாளில் சீலையைச் சுற்றி, அதே சிவப்பு நூலால் கட்டினார்.

"பாவா, இது உங்களோட இரிக்கட்டும்."

"அல்லாட காவல் போடியார். என்ட வாயால ஒரு சொல் வெளிய வராது."

அந்த வாக்கைப் பாவா கடைசிவரை காப்பாற்றினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கும்போது போடியாருக்குப் பழைய மிடுக்குத் திரும்பிவிட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, மானேஜர் எழுந்து கும்பிட்டது, கொழும்புக்குத் தந்தி போனது, கடை ஆட்கள் வாசல்வரை வந்து வழியனுப்பியது எல்லாம் உண்மையாகவே நடந்ததாக அவரே நம்பத் தொடங்கியிருந்தார். அன்னப்பூரணி சீலையைத் தடவிப் பார்த்து, "நான் நினைச்ச மாதிரியே இரிக்கு" என்றாள். போடியார் இரவு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

சடங்கு நாள் வந்தது. அரக்குச் சிவப்புச் சீலையில் அன்னப்பூரணி கோயில் முற்றத்துக்கு வந்தபோது எல்லார் கண்ணும் அவள் மேல்தான். போடியார் கூட்டத்துக்கு நடுவே தேர் மாதிரி நகர்ந்தார். பெண்கள் நின்ற பக்கம் போனபோது இலட்சுமிப்பிள்ளை மறித்தாள். அன்னப்பூரணியின் முந்தானை ஓரத்தில் தொங்கிய நூல் தும்பில் சின்னதாக ஒரு முடிச்சு. இரண்டு தரம் முறுக்கிப் போட்டது. அதை இலட்சுமிப்பிள்ளை தூக்கிப் பிடித்தாள்.

"போடியார், இது என்ன முடிச்சு?"

போடியார் அப்போதுதான் அதைப் பார்த்தார். தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"அது கொம்பனி முடிச்சு" என்றார். "கொழும்பில கொம்பனிக்குப் பெரிய கந்தோர் இரிக்கு. முதல்தரச் சீலை எண்டா அங்க ஒரு ஆள் பார்த்து, இது திறம் எண்டு தும்பில முடிச்சுப் போட்டு அனுப்புவான். முடிச்சு இல்லாத சீலைய நான் கையாலயும் தொடமாட்டன்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்திக்கு இருமல் வந்தது. முகைதீன்பாவாவிடமும் கொழும்பு ஆள் ஒருவர் இருக்கிறாரோ என்று யாரோ பின்னாலிருந்து கேட்டாள். தன் விளக்கம் அவர்களுக்குப் புதுமையாக இருக்கிறது என்று எண்ணி, போடியார் அதை இன்னும் இரண்டு இடத்தில் போய்ச் சொன்னார். சொன்ன இடமெல்லாம் இருமல் பரவியது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில், ஊர் மெச்சிவிட்டது என்று அவர் சொன்னார். அன்னப்பூரணி ஓம் என்றாள். கொஞ்ச தூரம் நடந்து, முந்தானைத் தும்பை எடுத்து, அந்த முடிச்சை நிதானமாக அவிழ்த்தாள்.

"இது தை மாசம் நான் போட்ட முடிச்சு. வேளாண்மை வெட்டுக்கு முந்திப் பாவா வருவாரு தானே. புடிச்ச சீலைக்கு நாங்க தும்பில முடிஞ்சு விட்டா, நெல்லு வாற வரைக்கும் வேற ஆருக்கும் குடுக்கமாட்டாரு. ஒவ்வொருத்தி முடிச்சும் ஒவ்வொரு மாதிரி. இவளுகளுக்கு என்ட முடிச்சுத் தெரியும்."

போடியார் நின்றுவிட்டார். முற்றத்தில் கேட்ட இருமல் ஒவ்வொன்றும் இப்போது தனித்தனியாகக் காதில் கேட்டது. ஊர்க்கூட்டத்தில் சொன்னபடி அவர் எடுத்துவந்த சீலையைத்தான் மனைவி உடுத்திருந்தாள். போடிப் பட்டம் பத்திரமாக இருந்தது. ஆனாலும் அதைக் கழற்றி யாரிடமாவது கொடுத்துவிடலாம் போல அவருக்கு இருந்தது.

அன்னப்பூரணி அவருடைய சால்வையைச் சரிசெய்துவிட்டு முன்னால் நடந்தாள்.

"உங்களுக்கும் ஒரு வேட்டி முடிஞ்சு விட்டிரிக்கன். அடுத்த முறை கொம்பனிக் கடைக்குப் போகக்குள்ள எடுத்துக்கிட்டு வாங்க."